பொழுது சாய்ந்தால் நடுங்கிய ஊர்

கேள்வி: 'உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்' என்று போட்டுக்கொண்டு எத்தனையோ திகில் படங்கள் வருகின்றன. எல்லாம் அரைத்த மாவு. நிஜக் கொலைகளை வைத்துக் குறைந்த செலவில் எடுத்து, யாரும் அதிகம் கண்டுகொள்ளாமல் போன நல்ல படம் ஏதாவது உண்டா? 'உண்மை' என்று போட்டாலே கூடுதலாக ஒரு பயம் வருகிறதே, அது ஏன்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்டு. 1976-ல் வந்த அமெரிக்கப் படம், 'தி டவுன் தட் ட்ரெடட் சன்டவுன்'. பொழுது சாய்ந்தால் நடுங்கிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'நல்ல படம்' என்று என் வாயால் சொல்ல வைக்காதீர்கள். பாதிப் படம் நல்ல படம். அந்தப் பாதி எது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஊரின் பெயர் டெக்ஸார்கானா. டெக்ஸஸ், ஆர்கன்சா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லை ஊருக்கு நடுவே போகிறது. 1946 பிப்ரவரி 22 இரவு, ஒதுக்குப்புறமாகக் காரை நிறுத்தியிருந்த ஒரு ஜோடியை எவனோ தாக்கினான். இருவரும் பிழைத்தார்கள். மார்ச்சில் ஒரு ஜோடி, ஏப்ரலில் ஒரு ஜோடி. நான்கு பேரும் பிழைக்கவில்லை. மே 3 அன்று பண்ணை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை ஜன்னலுக்கு வெளியே நின்று சுட்டுக் கொன்றார்கள். முகத்தில் இரண்டு குண்டு பாய்ந்தும் அவர் மனைவி அக்கம்பக்கத்து வீட்டுக்கு ஓடி உயிர் பிழைத்தார். பத்து வாரத்தில் எட்டுப் பேர் மீது தாக்குதல், அதில் ஐந்து பேர் சாவு. ஊர்க் கடைகளில் துப்பாக்கியும் பூட்டும் ஜன்னல் திரையும் தீர்ந்துபோயின. மாலையானால் தெரு காலி. டெக்ஸஸ் ரேஞ்சர் என்ற மாநிலப் போலீஸ் படையின் கேப்டன் கோன்சாலஸ் நேரில் வந்து முகாம் போட்டார். சந்தேகத்தில் சிக்கியவர்கள் உண்டு. இந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர் மட்டும் இன்றுவரை ஒருவர்கூடக் கிடையாது.

முப்பது வருஷம் கழித்து இதைப் படமாக்கியவர் சார்ல்ஸ் பி. பியர்ஸ். அந்தப் பக்கத்து ஆள், விளம்பரத் தொழிலிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். முதல் படத்துக்கு உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரிடம் பணம் வாங்கி, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்துக் கல்லாவை நிரப்பியவர். இந்தப் படத்தில் ரேஞ்சராக வருவது ஆஸ்கர் வாங்கிய பென் ஜான்சன். மற்றபடி கூட்டமாக நிற்பவர்கள் பெரும்பாலும் ஊர் ஜனங்கள்தான். வெளிச்சம் குறைவு, செட்டு கிடையாது, செய்தி வாசிப்பதுபோல ஒரு குரல் தேதியும் இடமும் சொல்லிக்கொண்டே போகிறது. காசு இல்லாததால் வந்த இந்த வறட்சிதான் படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மகா கலைஞன் என்று நினைத்துப் பியர்ஸுக்கு மாலை போட வேண்டாம்.

கொலைகாரன் தலையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட வெள்ளைத் துணிப்பை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூச்சு விடும்போது அந்தத் துணி உள்ளே ஒட்டுகிறது, வெளியே உப்புகிறது. அவ்வளவுதான் படம் காட்டும் 'பேய்'. ஓர் இரவு வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், புரியும். முகமூடிக் கொலைகாரப் படங்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி என்று கொண்டாடப்படும் 'ஹாலோவீன்' 1978-ல்தான் வந்தது. 1981-ல் 'ஃப்ரைடே தி 13த்' இரண்டாம் பாகத்தில் வில்லன் தலையில் மாட்டிக்கொண்டு வந்ததும் இதே மாதிரி ஒரு பைதான். அப்புறம் அவர்கள் புகழோடு போனார்கள். இது 2013 வரை ஒரு ஒழுங்கான டிஸ்க்கில்கூட வெளிவரவில்லை.

சரி, கெட்ட பாதிக்கு வருகிறேன். நீங்கள் பார்க்கப்போவது உண்மைக் கதை, பெயர்களை மட்டும்தான் மாற்றியிருக்கிறோம் என்று அடித்துச் சொல்லித்தான் படம் தொடங்குகிறது. நம் ஊர்ப் படங்களில் 'யாவும் கற்பனையே' என்று போட்டுவிட்டு உள்ளே யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி எடுப்பார்கள் இல்லையா, இது அதற்கு நேர் எதிர். ஏப்ரல் மாதம் கொல்லப்பட்ட பெண்ணுக்கு வயது பதினைந்து. அன்றிரவு ஒரு இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசித்துவிட்டுக் கிளம்பியவள். சுட்டுக் கொன்றார்கள். அவளுடைய சாக்ஸபோன் காணாமல் போய், பல மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. பியர்ஸ் என்ன செய்தார்? சாக்ஸபோனை டிராம்போன் ஆக்கினார். குழாயை முன்னும் பின்னும் நீட்டி இழுத்து ஊதும் வாத்தியம் அது. அதன் முனையில் கத்தியைக் கட்டினார். கொலைகாரன் பெண்ணை மரத்தில் கட்டிவைத்து, டிராம்போன் ஊதி ஊதிக் குத்துகிறான்! படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் காட்சி இது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்ததே தவிர, பயம் வரவில்லை.

போதாக்குறைக்கு நகைச்சுவை வேறு. கொலைகாரனுக்கு வலை விரிக்கப் போலீஸ்காரர்கள் காரில் ஜோடிபோல உட்கார்ந்தது நிஜம். அதைப் பிடித்துக்கொண்டு ஆண் போலீஸுக்குப் பெண் வேஷம் போட்டுவிட்டார். கோமாளிப் போலீஸாக நடித்திருப்பது வேறு யாருமல்ல, இயக்குநரேதான்.

துணிப்பை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்ததாகச் சொன்னது முதல் தாக்குதலில் பிழைத்தவர்கள் மட்டுமே. மற்ற இரவுகளில் அவன் எதை மாட்டியிருந்தான், எதுவுமே மாட்டியிருந்தானா என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. மே மாதம் பிழைத்த பெண் அவனைப் பார்க்கவே இல்லை. அந்த வீட்டில் பயன்பட்ட துப்பாக்கியும் முந்தைய கொலைகளில் பயன்பட்ட ரகம் அல்ல. அதனால் அது அவன்தானா என்ற வாதமும் ஓயவில்லை. படத்திலோ எல்லா இடத்திலும் அதே பை, அதே பூட்ஸ்.

'உண்மை' என்றதும் ஏன் பயம் என்று கேட்டீர்கள். கற்பனைக் கொலைகாரனை இயக்குநர் எப்படியும் இடைவேளைக்குப் பிறகு பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். இந்தக் கதையில் பிடிபடாமல் போனது நிஜ ஆள். பியர்ஸ் அந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் இன்று நான் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அதையே காசாக்கவும் படத்தை விற்றவர்கள் தயங்கவில்லை. அவன் இன்னும் டெக்ஸார்கானா தெருக்களில் பதுங்கித் திரிகிறான் என்று போஸ்டரில் அச்சடித்தார்கள். செத்தவர்களின் குடும்பங்கள் அதே ஊரில் இருந்தன. நகர நிர்வாகம் ஆட்சேபித்தது, கொல்லப்பட்ட ஒருவரின் உறவினர் வழக்கே போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

படத்தின் கடைசிக் காட்சி 1976-ல் நடக்கிறது. டெக்ஸார்கானாவில் இதே படத்தைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அந்தப் பூட்ஸ் கால்களும் நிற்கின்றன. அந்த ஊரிலேயே ஸ்பிரிங் லேக் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. ஏப்ரல் மாதம் கொல்லப்பட்டவர்களின் கார் நின்றது அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில்தான். பின்னாளில், ஹாலோவீன் என்ற பேய் வேஷப் பண்டிகை நெருங்கும் சமயத்தில், அதே பூங்காவில் திரை கட்டி இந்தப் படத்தை இலவசமாகப் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்து புல்தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

டிராம்போன் காட்சிக்குச் சிரிக்கிறார்களா என்று கேட்டுச் சொல்ல அங்கே எனக்கு ஆள் இல்லை.