அரிய வளர்சிதை மாற்ற நோயுள்ள குழந்தையின் பெற்றோர், மற்ற குடும்பங்களோடு சேர்வதால் என்ன பயன்?

முதல் பயன், அவசரக் கடிதம். கொழுப்பைச் சரியாகச் சக்தியாக மாற்ற முடியாத எம்கேட் குறைபாடுள்ள குழந்தை, வாந்தியெடுத்துச் சாப்பிடாமல் கிடந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம். இரவுப் பணி மருத்துவர் இந்த நோயைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். நோயின் பெயர், தாமதிக்காமல் குளுக்கோஸ் ஏற்றும் முறை, சிறப்பு மருத்துவரின் எண், எல்லாம் ஒரே தாளில் கையோடு இருக்கட்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லித் தருவது பெரும்பாலும் இன்னொரு அம்மாதான்.

அடுத்த பயன், உங்கள் சந்தேகத்தை விட்டுவிடாமலிருக்கும் தைரியம்; மற்ற பெற்றோரின் கதைகள் அதைத் தரும். நார்வேயில் போர்க்னி எகெலாண்ட் என்ற தாய், தன் இரு குழந்தைகளிடம் வீசிய விசித்திர வாடையைப் பற்றி மருத்துவர்களிடம் விடாமல் கேட்டார். 1934இல் ஃபோலிங் என்ற மருத்துவர் காதுகொடுத்து, சிறுநீரைச் சோதித்தார். உணவுப் புரதத்தின் ஒரு பகுதியை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பீனைல்கீட்டோனூரியா என்ற நோய் கண்டறியப்பட்டது அப்படித்தான்.