கேட்டதும் சொன்னதும்: சேலைத் துணியில் புத்தக அட்டை

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை வெட்டி நோட்டுக்கு அட்டை போட்டேன். ஃபெவிகால் துணியைத் தாண்டிக் கசிந்து, பளபளவென்று திட்டுத் திட்டாக நிற்கிறது. என்ன செய்யலாம்?
_ஒரு வாசகி, மதுரை_

அந்தத் திட்டை இனி எடுக்க முடியாதம்மா. மிச்சச் சேலையையாவது காப்பாற்றுவோம்.

சேலை காற்றோட்டத்துக்காக நெய்தது. இழைகளின் நடுவே உள்ள கண்கள் வழியாகத்தான் பசை மேலே வருகிறது. நாங்கள் பைண்டிங்கில் அட்டைக்குப் போடும் காலிகோ என்ற பருத்தித் துணியில் அந்தக் கண்களை மாவுப்பசை ஏற்றி முன்பே அடைத்திருப்பார்கள். 1820களில் லண்டனில் ஆர்ச்சிபால்ட் லெய்ட்டன் என்ற பைண்டர் இப்படித் துணியைப் பக்குவப்படுத்திய பிறகுதான் அங்கே துணி அட்டை பரவியது. வீட்டுத் துணிக்கு அந்த வேலையை நாமே செய்யலாம். பின்பக்கம் மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அலசிக் கஞ்சியை எடுங்கள். ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இந்த முறை வேண்டாம். ஒட்டாவிட்டால், வழவழப்பான மேசையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, தண்ணீர் தெளித்து, இழை கோணாமல் நீவுங்கள். மைதாவைக் கூழ் பதத்தில் காய்ச்சி வடிகட்டி, ஆறியதும் காகிதத்தில் தடவுங்கள். துணியில் தடவக் கூடாது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். காகிதம் நாலு பக்கமும் துணியைவிட இரண்டு விரல் பெரிதாக இருக்கட்டும். துணிமேல் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் நீவி, அப்படியே தூக்கிக் கண்ணாடியில் அந்த ஓரங்களை ஒட்டிவிடுங்கள். மறுநாள் உரித்தால் துணி விறைப்பாக நிற்கும், வெட்டினாலும் பிசிறாது.

பைண்டிங் கடைகளில் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் போடுவோம். அது விஷம். சமையலறையில் வேண்டவே வேண்டாம். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பட்டுச் சேலைக்கும் இதே முறைதானா?
_ஒரு வாசகர், கும்பகோணம்_

இல்லை. பட்டில் தண்ணீர் பட்ட இடம்கூடக் கறையாக நின்றுவிடும். தையல் பொருள் கடைகளில் இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைத்தாள் கிடைக்கிறது. அதை நடுவில் வைத்துக் காகிதத்தோடு சேர்த்து, மிதமான சூட்டில், காகிதப் பக்கமாகத் தேயுங்கள். வெட்டுத் துண்டு ஒன்றில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஜரிகைக் கரையைப் புத்தகத்தின் மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மடித்தால் தடித்து அசிங்கமாகிவிடும். திறந்து மூடும் மடிப்பிலும் ஜரிகை சீக்கிரம் பிய்ந்துவிடும். முன்னட்டையின் நடுவில் வரும்படி வையுங்கள், அங்கேதான் அதற்கு அழகு. என்னைக் கேட்டால், கட்டக்கூடிய நிலையில் இருக்கும் பட்டில் கத்தரி வைக்கவே கூடாது.

துணி ஒட்டிய அட்டை வெளிப்பக்கமாக வளைகிறதே?
_ஒரு மாணவி, திருச்சி_

ஈரத்தில் நீண்ட துணி காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உட்பக்கமும் காகிதம் ஒட்டினால் எதிர் இழுப்பு கிடைக்கும். அட்டைக்கான தடித்த மில்போர்டை வெட்டும்போதே இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் வாக்கின் மடிப்புக்கோடு புத்தகத்தின் முதுகுக்கு இணையாக வர வேண்டும். ஒட்டியதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றி, நன்றாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மறுபடி வளையும்.