கரையில் நின்றே காப்பாற்றலாம்: நீச்சல் மாஸ்டர் பதில்கள்

? எங்கள் வீடு காவிரிக்கரையில். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் பிள்ளைகள் ஆற்றிலேதான் கிடக்கிறார்கள். என் மகன் நன்றாக நீந்துவான். யாராவது தத்தளித்தால் குதித்துத் தூக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகி, குளித்தலை

சரியில்லை அம்மா. தான் நீந்துவது வேறு, தத்தளிப்பவரை இழுத்து வருவது வேறு. அந்த நேரத்தில் அவருக்கு உங்கள் மகன் ஏறி நிற்க ஒரு மேடாகத்தான் தெரிவான். தலையை அமுக்கி மேலே ஏறத்தான் பார்ப்பார். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோமே.

இன்னொன்று, மூழ்குகிறவர் கத்தமாட்டார். கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் சினிமாவில். மூச்சு விடவே வாய் மேலே வராதபோது கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் இருக்கும், இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். உடம்பு நெட்டாக நிற்கும், கால் உதைக்காது. பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிதான் அவகாசம். கும்மாளம் போட்ட பையன் திடீரென்று அமைதியானால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் ஆபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு இதைப் பழக்குங்கள். முதலில் சத்தம் போட்டு ஆள் சேர்க்க வேண்டும். பிறகு படித்துறையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூங்கிலையோ சேலையையோ நீட்ட வேண்டும். நின்றபடி நீட்டினால் அவர் இழுக்கிற இழுப்பில் இவனும் உள்ளே! எட்டவில்லை என்றால், மூடி இறுக்கிய 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி வீசலாம். கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டால் காற்றில் அலையாமல் போய் விழும். ஆளைத் தாண்டி வீசி, கயிறு தோளில் படும்படி இழுக்க வேண்டும். என் வகுப்பில் நீச்சலுக்கு முன்னால் இந்த வீச்சுதான் பாடம். ‘இதுக்கா ஃபீஸ்?’ என்று முணுமுணுக்கும் அப்பாக்களும் உண்டு. முணுமுணுக்கட்டும்.

அப்புறம், மணல் அள்ளிய குழிகள். மேலே தண்ணீர் ஓடினால் எது குழி, எது தரை என்று கண்ணுக்குத் தெரியாது. போன வருஷம் முழங்கால் ஆழம் என்ற கணக்கெல்லாம் இந்த வருஷம் செல்லாது.

? கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

வேண்டாம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றவும் வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், நேரமும் வீண். கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 2 முறை மூச்சு ஊதட்டும். இங்கே குறைவது காற்றுதான், அதனால் மூச்சு முதலில். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை மாறி மாறி. பெரியவர்களுக்கு 5 செ.மீ. இறங்க அழுத்த வேண்டும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பித் துடையுங்கள். கண் விழித்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

? கடலில் அலை இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினால் பயமில்லைதானே?
– ஒரு வாசகி, சென்னை

இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் சாதுவாக இருந்தால் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது, அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.