கடைசியில் வந்தவருக்கும் அதே கூலியா, டீச்சர்? – நற்செய்திக் கேள்வி பதில்

நான் சாமியாரும் இல்லை, சிஸ்டரும் இல்லை. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை மட்டும் இன்னும் விடவில்லை. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களைப் போடவில்லை. பதில் எழுதும் முன் ஒவ்வொரு தடவையும் அந்தப் பகுதியை மறுபடி திறந்து வாசித்தேன். பாதிக் கேள்விகளுக்கு விடை, நாம் தாண்டிப் போகும் ஏதோ ஒரு வரியில்தான் கிடந்தது.

ஐ.டி. வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். தினமும் நற்செய்தி வாசிக்க ஆசைதான். வாசித்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தியானம் என்றால் அதன்மேல் என்ன செய்வது, டீச்சர்?

தம்பி, இரண்டு நிமிடத்தில் முடிகிறதா? அப்படியானால் இன்னொரு தடவை வாசி. பழைய துறவிகள் இதற்கு நாலு படி சொல்வார்கள்: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, பேசாமல் இருப்பது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி இதை ஏணிப்படி என்று எழுதிவைத்தார். அசைபோடுவது என்பது மாடு செய்யும் அதே வேலைதான்.

பர்த்திமேயு கதையை எடுத்துக்கொள், மாற்கு 10ஆம் அதிகாரம். எரிகோவில் சாலையோரம் பிச்சை எடுக்கும் பார்வையற்றவர். இயேசு கூப்பிட்டதும் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்து எழுகிறார். இந்த மேலுடையில் கொஞ்சம் நில். ஏழை அடகு வைத்த மேலுடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அவன் போர்த்திக்கொள்ள வேறு இல்லை என்று விடுதலைப் பயண நூல் சொல்கிறது. அவருக்கு அதுதான் போர்வை, அநேகமாக அதுதான் சொத்து. கண் தெரியாதவர் கூட்டத்துக்குள் அதை எறிந்தால் திரும்பக் கிடைக்குமா? பார்வை கிடைக்கும் முன்பே எறிந்துவிட்டார்.

இன்னும் ஒன்று. "நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று அவரிடம் இயேசு கேட்கிறார். பதினைந்து வசனம் மேலே போய்ப் பார். சீடர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அவர்கள் வலப்பக்கம் இடப்பக்கம் நாற்காலி கேட்டார்கள், இவர் கண் கேட்டார். சரி, உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய்? பத்து நிமிடம் அதற்கே போய்விடும்.

ஒரு கணக்கு டீச்சர் குறிப்பு: ஞாயிறு நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். ஆண்டு எண்ணை 3ஆல் வகுத்து மீதி 1 வந்தால் மத்தேயு, 2 வந்தால் மாற்கு, மீதி இல்லையென்றால் லூக்கா. யோவான் பெரும்பாலும் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தில் வருவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் அடுத்த ஆண்டின் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கட்டட மேஸ்திரி. திராட்சைத் தோட்ட உவமையைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது, டீச்சர். காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. என் சைட்டில் இப்படிக் கொடுத்தால் மறுநாள் எவனும் எட்டு மணிக்கு வரமாட்டான்.

மேஸ்திரி அண்ணே, உங்கள் எரிச்சல் சரியானதுதான். எரிச்சல் வர வேண்டும் என்றுதான் அந்தக் கதையே சொல்லப்பட்டிருக்கிறது. கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடு என்று முதலாளி சொல்வதைக் கவனியுங்கள். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், சண்டையே வந்திருக்காது. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே செய்கிறார்.

இந்த உவமையை உங்களைவிட நன்றாக விளக்க யாராலும் முடியாது. காலை ஆறு மணிக்கு ஆள் நிற்கும் முக்கு எல்லா ஊரிலும் உண்டு. தூக்குச்சட்டி, கரண்டி, மட்டப்பலகையோடு நிற்பார்கள். வண்டி வந்து நின்றதும் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? திடமான ஆளை, தெரிந்த ஆளை. பத்து மணிக்கு மேலும் அங்கேயே நிற்பவர் யார்? வயதானவர், இளைத்தவர், போன வாரம் காய்ச்சலில் கிடந்தவர். அவர் வீட்டுக்குப் போகாமல் ஏன் நிற்கிறார்? வெறுங்கையோடு வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட முக்கில் நிற்பது மேல்.

மத்தேயு 20இல் அந்த வரி இருக்கிறது. ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று ஐந்து மணிக்கு முதலாளி கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள். சோம்பேறிகள் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம், நற்செய்தியில் அப்படி இல்லை. தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி, ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடும் காசு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனால் அன்று ராத்திரி அடுப்பில் என்ன வேகும்?

முதலாளியின் கடைசி வார்த்தை நம் மொழிபெயர்ப்பில் "உமக்குப் பொறாமையா?" என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் "உன் கண் கெட்டதா?" என்றுதான் இருக்கிறது. கண்ணேறு கழிக்கிற நமக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இதை அப்படியே உங்கள் சைட்டுக்குச் சட்டமாகப் போடச் சொல்லவில்லை. ஆனால் இடுப்பு வலி என்று மதியமே உட்கார்ந்துவிட்ட சித்தாளம்மாவுக்கு அரை நாள் கூலி எழுதும்போது இந்த உவமை நினைவுக்கு வந்தால், பேனா ஒரு நிமிடம் நிற்கட்டும்.

என் அண்ணன் அப்பா சொத்தில் எனக்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டான். கேஸ் போட்டிருக்கிறேன். "எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கணும், கேஸை வாபஸ் வாங்கு" என்று அன்பியக் கூட்டத்திலேயே (எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் செபக் கூட்டம்) சொல்கிறார்கள். கேஸ் நடத்துவது பாவமா, டீச்சர்?

பாவமில்லை அம்மா. கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் பங்கைக் கேட்பது பகை இல்லை.

மத்தேயு 18இல் மன்னிப்பு உவமை இருக்கிறது: அரசர் ஒரு பணியாளரின் கடனை மன்னித்துவிடுகிறார், அந்தப் பணியாளரோ தனக்குக் கடன்பட்ட உடன்பணியாளரை மன்னிக்கவில்லை. அதில் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. முதல் பணியாளர் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஆக, 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால் அடைக்க 2 லட்சம் ஆண்டு ஆகும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அவருக்கு இன்னொருவர் தர வேண்டியது 100 தெனாரியம். "அற்பக் கடன்" என்று பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் வகுப்பில் பல வருடம் அப்படியே சொன்னேன். ஒரு நாள் கரும்பலகையில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. 100 நாள் கூலி அற்பமா? மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம்! நமக்கு ஒருவர் செய்த தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது 100 தெனாரியம் என்று எண்ணித்தான் சொல்கிறார்.

அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, சகோதரர் குற்றம் செய்தால் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று இருக்கிறது. மூடி மறை என்று எந்தப் படியிலும் இல்லை. உங்கள் அன்பியத்தார் அந்த வசனங்களையும் வாசிக்கட்டும்.

உங்கள் மன்னிப்பு வேறு இடத்தில் நடக்க வேண்டும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போவீர்களா? அவருக்கு நெஞ்சுவலி என்று கேட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதா? அங்கேதான் போராட்டம். ஒரே தடவையில் தீராது, அதனால்தான் எழுபது தடவை ஏழு முறை.

இதையொட்டி நாலு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார், "சிலுவையாக நினைத்துச் சும, மறு கன்னத்தைக் காட்டு" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது அவர் என்ன செய்தார்? யோவான் 18:23ஐ வாசியுங்கள். நான் சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர் என்று திருப்பிக் கேட்டார். துணையால் உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டமே 1153ஆம் எண்ணில் சொல்கிறது. முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். செபமாலையை அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி மூலை. தேர் எங்கள் தெருவுக்கு வராது. ஆனால் பூசையில் "நாம் அனைவரும் ஒரே உடல்" என்று பாடுகிறோம். இந்த நற்செய்தியை நான் எப்படி நம்புவது?

தம்பி, இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கோபம் நற்செய்திக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை. அதே வடக்கன்குளத்தில்தான், அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைத்துக் கோவில் கட்டினார்கள். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஒரே ஊர், ஒரே நற்செய்தி. ஒருவர் அதற்காக உயிரைக் கொடுத்தார், மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே சுவர் எழுப்பினார்கள்.

தானாக இடிந்த சுவர் எதுவும் கிடையாது. பங்குப்பேரவையில் கல்லறை விஷயத்தை எழுத்தில் கொடு. பதில் வராவிட்டால் ஆயருக்கு எழுது. எங்கள் பங்கில் இதே விஷயத்தில் நான் பத்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். கூட்டம் முடிந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். அதை ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே ரொம்ப நாள் ஆனது.

படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதால் ஆறு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. சாவான பாவமா, டீச்சர்?

இல்லை. நோயாளியைக் கவனிப்பது நியாயமான காரணம். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறுக் கடனை நிறைவேற்றும். யாராவது ஒரு மணி நேரம் மாமியார் பக்கத்தில் உட்கார முடிந்தால் அதற்குப் போய்வாருங்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் மாமியாருக்கும் உங்களுக்கும் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை. தவக்காலம் முழுக்க ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) இருக்கிறார்.

நோன்புக் கடமை 18 வயது முதல் 59 வயது நிறையும் வரைதான். அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. அம்மாவிடம் சட்டம் பேசினால் எடுபடாது, என் அம்மாவிடமும் எடுபடவில்லை. சீரியலை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒருசந்தி கடினம்.

மறையுரை நாற்பது நிமிடம் ஓடுகிறது, டீச்சர். நற்செய்தியே மறந்துவிடுகிறது.

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024இல் சொன்னார். இதை உங்கள் சாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கோவிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள், மறக்காது.

மார்த்தா கதை வரும் ஞாயிறெல்லாம் எனக்குத் தலைகுனிவு. மரியா இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்கிறார், அக்கறையோடு வேலை செய்த சகோதரி மார்த்தாவுக்குத்தான் கண்டிப்பு. திருவிழா அசனத்துக்கு (ஊர் விருந்துக்கு) ராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பது நாங்கள்தான்.

அக்கா, மார்த்தாவை லூக்கா 10ஓடு விட்டுவிடாதீர்கள். யோவான் 11இல் சகோதரர் இலாசர் செத்து நாலாம் நாள், இயேசு வருகிறார் என்று கேட்டதும் எழுந்து எதிர்கொண்டு போனது மார்த்தாதான், மரியா வீட்டில் இருந்துவிட்டார். நீரே மெசியா, நீரே இறைமகன் என்று பேதுரு சொன்னதை அந்தத் துக்கத்தில் நின்று சொன்னது அந்த அடுப்படிப் பெண். இயேசு அவரது சமையலைக் குறை சொல்லவில்லை, பதற்றத்தைத்தான் சொன்னார். வெங்காயத்தை உரியுங்கள். அடுத்த வருடம் ஆண்களையும் ஒரு சாக்கு உரிக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, சைதாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அப்பா இறந்ததிலிருந்து எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவுக்காகக் கோவிலுக்கு வருகிறேன். நடிப்பதுபோல இருக்கிறது. வராமலே இருந்துவிடுவது நேர்மை இல்லையா, டீச்சர்?

பாப்பா, உன் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னமலையும் அந்தப் பக்கம் பரங்கிமலையும் இருக்கின்றன. இரண்டும் இயேசுவின் சீடர் தோமாவின் பெயரைச் சொல்லும் இடங்கள். அதனால் அவரையே கேட்போம்.

உயிர்த்த அன்று மாலை இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் சொல்லியும் நம்பவில்லை, தொட்டுப் பார்க்காமல் நம்பவே மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வசனம் "எட்டு நாள்களுக்குப் பின்" என்று தொடங்குகிறது. அன்று தோமாவும் அவர்களோடு இருந்தார்.

நான் அடிக்கடி நினைப்பது அந்த எட்டு நாளைத்தான். பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள், ஒருவர் நம்பவில்லை. அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. அவரும் நம்பியதுபோல நடிக்கவில்லை, கிளம்பிப் போகவும் இல்லை. நம்பாமலே கூட உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் தொட்டாரா என்றுகூட யோவான் எழுதவில்லை.

விசுவாச அறிக்கை சொல்லும்போது வாய் வராவிட்டால் சொல்லாதே, பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும். பாட்டுப் பாடத் தோன்றாவிட்டால் பாடாதே. அப்பாவைப் பற்றி அம்மாவிடம் பேச முடிகிறதா? முடியாவிட்டால் எனக்கு எழுது. வசனம் அனுப்பமாட்டேன். அப்பா எப்படிப்பட்டவர், கோவிலில் எந்தப் பெஞ்சில் உட்காருவார் என்று மட்டும் சொல்.