ஏன் மாமா விழணும்?

வணக்கம் அண்ணா,

நான் கட்டட ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் மகன், கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் கட்டிய கோட்டையைக் காட்டினான். நாற்பது கட்டை நீளத்துக்கு ஒரு பால்கனி நீட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே ஒரு தூண் கிடையாது. மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி அந்தரத்தில் அப்படியே தொங்குகிறது. "இதெல்லாம் விழாதாடா?" என்று கேட்டேன். "ஏன் மாமா விழணும்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

கட்டுவதையே விளையாட்டாக வைத்துவிட்டு, கட்டுமானத்தின் முதல் விதியை விட்டுவிடலாமா? பையன் தப்பாகக் கற்றுக்கொள்ள மாட்டானா? யதார்த்தத்தைக் கூட்டினால் சுவையும் கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு கூட்டலாம்? இந்த விளையாட்டுகளைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

க., திருச்சி

*

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியைவிட மருமகனுடைய கேள்விதான் நல்ல கேள்வி. இந்த மாதிரி விளையாட்டைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையேதான் கேட்டாக வேண்டும். இது ஏன் விழ வேண்டும்? விழுந்தால் ஆடுகிறவனுக்கு என்ன வேலை வரும்?

மைன்கிராஃப்டில் எதுவுமே விழாது என்றில்லை. மணல் விழும், சரளை விழும். சுரங்கத்தில் தலைக்கு மேல் கொத்தும்போது சரளை மடமடவென்று கொட்டிப் புதைத்துவிடும். மருமகனைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வான். கல்லும் மரமும்தான் விழாது. அதற்கான நியாயம் முதல் நாள் சாயங்காலத்தில் இருக்கிறது. அந்த உலகத்தில் ஒரு முழு நாள் என்பது நமக்கு 20 நிமிடம், அதில் பகல் பாதி. இருட்டினால் பூதங்கள் கிளம்பிவிடும். புதிதாக வந்தவன் அதற்குள் மண்ணைத் தோண்டி, அடுக்கி, தலைக்கு மேல் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். அந்த நேரத்தில் போய் அவனிடம் பீம் எத்தனை ஆழம் என்று கேட்டால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவான்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். அங்கே ஒரு கட்டை ஒரு கன மீட்டர். பையின் ஒரு கட்டத்தில் 64 கட்டைகள் அடங்கும். அது தங்கமாக இருந்தால் அந்த ஒரு கட்டத்தின் எடை மட்டும் ஏறக்குறைய 1,235 டன். அப்படி 36 கட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பையன் துள்ளிக் குதித்து ஓடுகிறான். பால்கனி உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அதைவிடப் பெரிய பொய் அவன் பையில் இருந்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை!

சரி, விழுகிற விளையாட்டுக்கு வருவோம். 2021இல் வெளிவந்த வால்ஹெய்ம், ஸ்வீடனில் ஒரு சின்னக் குழு செய்தது. இங்கே மரத்தை வெட்டினால் சாயும், சாய்கிற பக்கம் நின்றால் ஆளையே முடித்துவிடும். கட்டடமும் விழும். சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு உத்தரத்தைப் பார்த்தால் அது நிறம் காட்டும். தரையைத் தொட்டு நிற்பது நீலம். விலக விலகப் பச்சை, மஞ்சள், அப்புறம் சிவப்பு. சிவப்பையும் தாண்டி ஒன்றை மாட்டினால் உடைந்து கீழே வரும். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள், ஏனென்றால் இதில் பாரம் என்ற கணக்கே கிடையாது. தூணின் தலையில் எத்தனை மாடி ஏற்றினாலும் தூணுக்குக் கவலையில்லை. என்ன பொருள், தரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இவ்வளவுதான் பார்க்கும். உங்கள் படிப்பில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு ஒரே ஒரு விதியை மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதற்கே ஆடுகிறவன் தானாகத் தூண் வைக்கிறான், முட்டுக் கொடுக்கிறான், கூரையைத் தாழ்த்துகிறான்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புகை. முதல் குடிசையை நான் நாலு பக்கமும் அடைத்துக் கட்டி, நடுவில் தீ மூட்டினேன். புகை மேலே போய்க் கூரையில் முட்டி, சுருண்டு கீழே இறங்கி, கொஞ்ச நேரத்தில் என் ஆளுக்கு உயிர் குறைய ஆரம்பித்துவிட்டது. அலறி அடித்துக்கொண்டு கூரையில் ஓர் ஓட்டை போட்டேன். புகை போயிற்று. பிறகு மழை பிடித்தது, அதே ஓட்டை வழியாக இறங்கித் தீயை அணைத்தது. கடைசியில் ஓட்டைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தொப்பி மாதிரி ஒரு சின்னக் கூரை வைத்தேன். பழைய வீடுகளில் அடுப்பங்கரைக்கு மேலே இருக்குமே, புகைக்கூண்டு, அதேதான். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு முறை அவஸ்தைப்பட்டு நானே கண்டுபிடித்தேன்.

எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டீர்கள். நான் அளவைப் பார்ப்பதில்லை. அந்த விதி வந்தால் எனக்கு ஒரு யோசனை பிறக்கிறதா, இல்லை சும்மா உட்கார வைக்கிறதா என்று பார்ப்பேன். புகை யோசிக்க வைத்தது. கான்கிரீட்டுக்கு முழு பலம் வர 28 நாள் என்று ஒரு விதி வைத்தால்? உங்கள் சைட்டில் அது நியாயம். காசு கொடுத்து விளையாட்டை வாங்கியவன் நனைத்த சாக்கைப் போட்டுக்கொண்டு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

மேயராக இருந்து ஊரைக் கட்டுகிற விளையாட்டு சிம்சிட்டி. 2013இல் வந்த அதன் பதிப்பின் முதன்மை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ரண்டே ஒரு பேட்டியில் சொன்னார்: நிஜ நகரங்களைப் பார்த்தபோது வாகன நிறுத்துமிடங்கள் அவ்வளவு இருந்தன, அதே விகிதத்தில் வைத்தால் விளையாட்டு சலித்துவிடும் என்று குறைத்துக்கொண்டார்களாம். இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஊரையே கார் நிறுத்துமிடம் விழுங்குவது அமெரிக்க நகரங்களின் முக்கியமான சங்கதி. அங்கே கடை வைப்பதா, கார் நிறுத்துவதா என்ற தலைவலியை மேயரிடம் கொடுத்திருந்தால் அதுவே நல்ல விளையாட்டாகியிருக்கும்.

நீங்கள் சொல்வதுபோல் கூட்டியதால் சுவை கூடிய இடமும் உண்டு. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒன்று, ராக்கெட் கட்டி விடுகிற விளையாட்டு. ஆரம்பத்தில் அதில் காற்றின் இழுவையை எடையை வைத்தே கணக்கிட்டார்கள். அதனால் ராக்கெட்டின் தலையில் கூம்பு வைத்தால் உதவாது, எடைதான் கூடும். ராக்கெட் என்றால் முனை கூராக இருக்க வேண்டும் என்று பென்சிலால் கிறுக்குகிற பிள்ளைக்கும் தெரியும்! 2015இல் முழுப் பதிப்பு வந்தபோது அதைச் சரிசெய்தார்கள். நம் உள்ளுணர்வு சொல்வதும் திரையில் நடப்பதும் ஒன்றாயின.

அதே விளையாட்டு இன்னொரு இடத்தில் கூசாமல் பொய் சொல்கிறது. அவர்கள் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈர்ப்பு மட்டும் பூமியின் ஈர்ப்பேதான். அப்படி ஒரு கிரகம் இருக்க முடியாது. ஆனால் அதனால்தான் சுற்றுப்பாதைக்குப் போக விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டிய இடத்தில் 2.3 போதுமாகிறது. சின்ன ராக்கெட் போதும், வெடித்தாலும் உடனே அடுத்ததைக் கட்டலாம். சுருக்கியது அளவைத்தான். முன்னால் போகிற கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்க வேண்டும் என்ற விசித்திரமான உண்மை அப்படியே இருக்கிறது. அதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை, அங்கே நாலு தடவை கோட்டைவிட்ட பிறகு புரிந்தது. பூமியின் நிஜ அளவே வேண்டும் என்பவர்களுக்கு ரசிகர்களே தனியாக ஒரு மாற்றம் செய்து வைத்திருக்கிறார்கள். ஊறிப்போனவர்கள் அங்கே போகிறார்கள், போகட்டும்.

பையன் தப்பாகக் கற்றுக்கொள்வான் என்று பயப்பட வேண்டாம். மண்சோறு ஆக்கி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கல் வைத்தால்தான் அடுப்பு, சாம்பார் ஊற்றிய பிறகுதான் ரசம், முறை மாறினால் சண்டைக்கு வருவார்கள். மண்ணை யாரும் விழுங்குவதில்லை. எதை நிஜமாக வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர்களுக்குள் ஒரு தெளிவு இருக்கிறது. சிற்றில் என்கிற மணல் வீடு கட்டினால் உதைத்துக் கலைக்க ஒருவன் வருவான் என்பதும் பிள்ளைத்தமிழ் காலத்திலிருந்து இருக்கிற விதி. மைன்கிராஃப்டில் அந்த வேலையைக் கிரீப்பர் என்ற பூதம் பார்க்கிறது. பின்னால் வந்து நின்று 'உஸ்' என்று சீறி வெடிக்கும், சுவரில் பாதி இருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் மனம் ஆறவில்லை என்றால் பாலி பிரிட்ஜ் வாங்கி மருமகனோடு உட்காருங்கள். பாலம் கட்ட வேண்டும், பட்ஜெட் உண்டு, எந்த உறுப்பில் எவ்வளவு அழுத்தம் என்று நிறத்தில் தெரியும், முக்கோணம் வைக்காவிட்டால் நிற்காது. உங்களுக்கு வீட்டுக்கு வந்தது போல இருக்கும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் வண்டி அக்கரை சேர்ந்தால் போதும், பின்னால் பாலம் பொலபொலவென்று உதிர்ந்தாலும் வெற்றிதான். மருமகன் அதை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவான், உங்கள் பாலத்தில் பாதிச் செலவில்.