காலாண்டில் கணக்கு 22: படிக்கும் ஊக்கம் எங்கிருந்து வரும்?

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 22 வாங்கிய தம்பி, புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை, ஊக்கத்துக்கு வழி என்ன என்று கேட்டிருக்கிறாய். ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் அரையாண்டும் போய்விடும். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்தில்) பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மதிப்பெண் கொஞ்சம் ஏறிய பிறகு படிப்பில் ஆசை வந்த பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. "பாட்டையா பர்மாவில் வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டவர், அவர் வம்சத்தில் நீ கணக்கில் தவறினாயா?" என்று ஆச்சிமார் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பாட்டையா பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் சிறுவனாக, வட்டிக்கடையில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் திட்டு வாங்கி, பேரேட்டில் எழுதி எழுதிக் கற்றவர் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்!

சரி, வேலைக்கு வருவோம். பொதுத்தேர்வு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 30. இதோடு ஒரே ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கைச் சரியாகப் போட்டால் தேர்ச்சிக்கான 35 வந்துவிடும். ஆகவே முழுப் புத்தகத்தையும் பார்த்து மலைக்காதே. விடைத்தாளை எடுத்து, இந்தப் பகுதிகளில் எவ்வளவு விட்டாய் என்று பார். பாட முடிவில் உள்ள பலவுள் தெரிவு வினாக்களைத் தினமும் கொஞ்சம் போடு.

வரைபடத்தில் தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. பள்ளத்தூரிலிருந்து வந்த பையன் ஒருவன் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்கு இருபடி வரைபடம் மட்டும் கொடுத்தேன். அட்டவணை போடுவது, புள்ளி வைப்பது, பரவளையம் வரைவது, பலரும் மறக்கும் அளவுத்திட்டத்தை எழுதுவது, மாலைதோறும் இவ்வளவுதான். அரையாண்டில் எட்டுக்கு எட்டு. மறுநாள் காரணிப்படுத்துதல் சொல்லித்தரச் சொல்லி அவனே வந்து நின்றான். நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை.

பொதுத்தேர்வில் தவறினாலும் சில மாதங்களில் துணைத்தேர்வு உண்டு. தேறினால் அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இதை அப்பாவிடமும் சொல்லிவை. கல்யாண வீட்டில் யாராவது மதிப்பெண் கேட்டால், 22 என்றே சொல்லிவிடு. மழுப்பினால் அடுத்த கல்யாணம் வரை துருவிக்கொண்டிருப்பார்கள்.