கேள்வி-பதில்: பல்லிளிக்கும் பேக்கேஜ்கள்

போன மாதம் கரித்தூள் பற்பசை பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பற்பசையைப் பற்றியே இல்லை. சிரிப்பை அழகாக்க எங்கே எவ்வளவு கேட்கிறார்கள், கொடுக்கலாமா, கொடுத்தது போச்சா என்றுதான் கேட்கின்றன. ஆகவே இந்த வாரம் முழுக்கப் பல்.

மகளுக்கு 24 வயது. அடுத்த மாதம் கல்யாணம். மேக்கப் போடும் பெண் காட்டிவிட்ட கிளினிக்கில் ‘பிரைடல் ஸ்மைல் பேக்கேஜ்’ என்று மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் கேப் போட 72,000 ரூபாய் சொல்கிறார்கள். பல் கொஞ்சம் மஞ்சள், ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பேரம் பேசினால் குறைப்பார்களா? – பெண்ணின் அப்பா, கும்பகோணம்

குறைப்பார்கள். அதுதான் எனக்குப் பயம். 60,000 என்றதும் நீங்கள் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவீர்கள்.

கேப் என்பது தொப்பி மாதிரி சும்மா மேலே மாட்டுவது இல்லை. பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவி, முளைக்குச்சி மாதிரி ஆக்கி, அதன் மேல் ஒட்டுவார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. சில பற்களில் நரம்பு தாங்காமல், அப்புறம் ரூட் கெனால் வரை போகும். கேப் ஆயுசுக்கும் நிற்காது. 24 வயதில் போட்டால் அந்தப் பெண் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவையாவது மாற்ற வேண்டிவரும். சொத்தையும் இல்லாத, உடையவும் இல்லாத ஆறு பல்லுக்கு இது எதற்கு?

முதலில் பல்லில் படிந்து இறுகிய காரையை எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மஞ்சளில் ஒரு பங்கு அதிலேயே போய்விடலாம். மிச்சத்துக்குப் பல் டாக்டர் செய்யும் பிளீச்சிங். அதையும் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கூச்சம் அடங்கவும் நிறம் நிலைக்கவும் நாள் வேண்டும். திரும்பிய ஒரு பல்லை, காம்போசிட் என்ற பல் நிறப் பசையை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் ராவவே வேண்டாம், ராவினாலும் கொஞ்சம்தான்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இதில் மேக்கப் போடும் பெண்ணுக்கு எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள்.

எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்த்தால் பல் வெளுக்கும் என்று வீடியோ பார்த்தேன். தினமும் செய்யலாமா? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

எலுமிச்சையைச் சாதத்தில் பிழியுங்கள். அமிலம் எனாமலைக் கரைக்கும். எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள்தான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார் மாமியார். – ஈரோடு

காரை பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சிமெண்ட் மாதிரி இறுகி, ஏற்கெனவே ஆடும் பல்லை ஆடாதது போல் காட்டிக்கொண்டிருக்கும். எடுத்ததும் உண்மை தெரியும். ஆடவைத்தது காரை, கிளீனிங் இல்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆன்லைனில் நீல விளக்குடன் வரும் ஒயிட்னிங் கிட் 1,999 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து நாள் போட்டும் மாற்றமில்லை. முன்பல் ஒன்றில் ஏற்கெனவே கேப் இருக்கிறது, அதனாலா? – கோவை

இந்த அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். இரண்டு வருடம் முன்பு நள்ளிரவுத் தள்ளுபடியில் வாங்கினேன். வாயில் அந்த விளக்கைக் கவ்வியபடி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கரண்ட் போனது. தண்ணீர் குடிக்க வந்த மகன் இருட்டில் நீலமாக எரியும் வாயைப் பார்த்துச் செம்பைக் கீழே போட்டான். நசுங்கிய செம்பு இன்னும் இருக்கிறது. பல் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தேன். பல்லை வெளுப்பது பெராக்சைடுதான், விளக்கு ஒப்புக்குச் சப்பாணி. என் பெட்டியில் பெராக்சைடு எத்தனை சதவீதம் என்று ஓரிடத்திலும் இல்லை. ‘இயற்கையான புதினா’ என்பது மட்டும் மூன்று இடத்தில். ஐரோப்பிய யூனியனில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்பான்களைப் பல் டாக்டருக்கு மட்டும்தான் விற்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கூடாது. அப்படியென்றால் சதவீதமே போடாத பெட்டியை எப்படி நம்புவது?

உங்கள் கேப் விஷயம்: கேப், வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு), பல் நிற ஃபில்லிங் எதுவும் பிளீச்சிங்கில் வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்தால் கேப் மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும். மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் பிளீச்சிங், நிறம் நிலைத்த பிறகு அதற்குப் பொருத்தமாகக் கேப்.

மேடம், பல்லை நேராக்க அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) ஆர்டர் செய்தேன். கிட் வீட்டுக்கே வந்தது, நானே அச்சு எடுத்து அனுப்பினேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. 85,000 ரூபாய், மாத இஎம்ஐ. மீட்டிங் இருப்பதால் இரவில் மட்டும் போடுவேன். எட்டு மாதமாகியும் முன்பல் நேராகவில்லை, இப்போது கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஆப்பில் கேட்டால் ‘உங்கள் புன்னகைப் பயணத்தைத் தொடருங்கள்’ என்றே பதில் வருகிறது. – ஐ.டி. ஊழியர், சென்னை

தம்பி, செருப்பு வாங்கினால்கூடப் போட்டுப் பார்த்து நாலடி நடக்கிறோம். எலும்புக்குள் இருக்கும் பல்லை நகர்த்த எக்ஸ்ரே கூட இல்லாமல் 85,000 கொடுத்திருக்கிறீர்கள். அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும், சாப்பிடவும் பல் தேய்க்கவும்தான் கழற்றலாம். இரவில் மட்டும் போட்டால் இரவில் நகர்ந்த பல் பகலில் திரும்பிவிடும். இதை உங்களுக்கு அனுப்பிய காகிதத்திலும் எழுதியிருப்பார்கள், நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்று வீட்டுக்கே அலைனர் அனுப்பும் பெரிய கம்பெனி இருந்தது. 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சிகிச்சை பாதியில் நின்றவர்களிடம், தவணை மட்டும் தொடர்ந்து கட்டுங்கள் என்றார்கள். அந்தக் கதை உங்களுக்கு வர வேண்டாம்.

ஆப்போடு பேசுவதை நிறுத்துங்கள். எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்த ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் வரிசையைச் சீராக்கும் டாக்டர் ஒருவரை நேரில் பாருங்கள், கடி சேராததை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். கோபத்தில் இஎம்ஐயை மட்டும் நிறுத்தினால் அடி உங்கள் கிரெடிட் ஸ்கோருக்குத்தான்.

தையல் வேலை செய்கிறேன். விழுந்ததில் முன்பல் நாலும் உடைந்தது. நகையை அடகு வைத்து 48,000 ரூபாய்க்கு ‘சிர்கோனியா, பத்து வருட வாரண்டி’ என்று கேப் போட்டேன். ஏழாவது மாதம் ஒன்றில் சில்லு பெயர்ந்து உள்ளே சாம்பல் நிறத்தில் உலோகம் தெரிகிறது. ‘முறுக்கு கடித்திருப்பீங்க, வாரண்டி கிடையாது’ என்கிறார்கள். பில் இல்லை. பில் வேண்டாமென்றால் இரண்டாயிரம் குறைப்பதாகச் சொன்னார்கள். என் தப்புதானே அக்கா? – திருப்பூர்

இல்லையம்மா. இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க நினைத்தது தப்பே இல்லை. அப்படி ஒரு வழியைக் காட்டியதுதான் தப்பு.

முதலில் விஷயம். சிர்கோனியா என்பது பீங்கான் வகை, அந்தக் கேப்புக்குள் உலோகம் இருக்காது. உங்களுக்குத் தெரிவது உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பழைய வகை. விலை குறைவு, சில்லு பெயர்வது அதற்கு வழக்கம். முறுக்குக் கடித்தால் பீங்கான் பெயரலாம், சிர்கோனியா உலோகமாக மாறாது.

இந்த வாரண்டி அட்டை எனக்கு ரொம்ப நாள் கடுப்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். கார்டு சைஸில் பளபளவென்று இருக்கும். அதைக் கொடுப்பது கேப்புக்கான பொருளைத் தயாரிக்கும் கம்பெனி அல்லது கேப்பைச் செய்யும் லேப், கிளினிக் இல்லை. வழக்கமாக அது தாங்குவது பொருளை மட்டும். உடைந்தால் புது கேப் வரும், பழையதை வெட்டி எடுக்கும் கூலி, திரும்ப அச்சு எடுத்து ஒட்டும் கூலி, உள்ளே நரம்பு கெட்டால் அதன் செலவு எல்லாம் நம் தலையில். அந்த அட்டையைக்கூடக் கேட்காமல் பலர் கொடுப்பதில்லை. எனக்கும் கீழ்க் கடைவாயில் ஒரு கேப் போட்டார்கள். ‘கார்டு லேப்பிலிருந்து வரணும் மேடம், அடுத்த தடவை வாங்கிக்கலாம்’ என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். பில்லும் நான் கேட்கவில்லை. எட்டாவது மாதம் சீடை தின்றபோது கேப் பிளந்தது. போய்ப் பார்த்தால் கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பதினோராயிரம். இந்தப் பத்தியில் நான்தான் எல்லாருக்கும் புத்தி சொல்கிறேன்!

கேப் போடுபவர்கள் ஒட்டுவதற்கு முன்பே அட்டையைக் கையில் வாங்குங்கள். உங்கள் பெயர், எந்தப் பல், தேதி, லேப் பெயர், வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ‘கேப் 4’ என்று போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தப் பொருள் என்று எழுத வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். வாயை வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வேறொரு பல் டாக்டரிடம், முடிந்தால் அரசு மருத்துவமனையில், இது எந்த வகை கேப் என்று எழுதி வாங்குங்கள். ஜிபேயில் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப்பில் ‘சிர்கோனியா’ என்று வந்த மெசேஜ், அடகுச் சீட்டு, எல்லாம் சாட்சிதான். கிளினிக்குக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பதினைந்து நாள் கெடு வையுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

எனக்கும் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. ஊர்த் தண்ணீர் அப்படி. தங்கைக்கு வரன் பார்க்கிறோம். இருபது பல்லுக்கும் வெனீர் போட வேண்டும் என்கிறார்கள். – பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

உங்கள் ஊரில் இது யாருடைய குற்றமும் இல்லை. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, குடித்து வளர்ந்தால் கறை பல்லுக்குள்ளேயே படியும். தேய்த்துப் போகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே இதற்காகத்தான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் போர்வெல் தண்ணீரை விட்டு அதையே கொடுங்கள்.

சிரிக்கும்போது இருபது பல் தெரிவதில்லை. தங்கையைச் சிரிக்கச் சொல்லி எண்ணுங்கள், எட்டோ பத்தோ வரும். அதிலும் கறை மேலாக இருந்தால் மைக்ரோ அப்ரேஷன் என்று எனாமலின் மேல்பூச்சை மட்டும் மெல்லத் தேய்த்து எடுப்பார்கள். அதன் பிறகு தேவையானால் பிளீச்சிங். அதற்கும் போகாத ஆழக் கறைக்குத்தான் வெனீர். வெனீருக்கும் முன்பக்கம் அரை மில்லிமீட்டர் அளவில் ராவ வேண்டியிருக்கும். பணம் போடுவதற்கு முன் ஏதாவது பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு நாள் காட்டுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நேரம் ஆகும், செலவு பாதிகூட ஆகாது.

வயது 68, ஓய்வுபெற்ற ஆசிரியர். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. அதிர்ஷ்டம் என்று மனைவி அடைக்க விடவில்லை. இப்போது பேரன் கிண்டல் செய்கிறான். காம்போசிட் வைத்தால் எத்தனை வருடம் வரும்? – காரைக்குடி

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடம், சிலருக்கு அதற்கு மேலும். இடைவெளி சமீபத்தில் பெரிதானது என்றால் முதலில் ஈறைக் காட்டுங்கள். வெற்றிலை போடுவீர்களா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள், சார். போடுவீர்கள் என்றால் அடைத்த இடம் சீக்கிரமே சிவக்கும், பேரனுக்கு இன்னும் கொண்டாட்டம்.